எனக்கு விழுந்த இரண்டு சோழி

எனக்கு நானே ஓட்டுப் போட்டுக்கொண்டவன் நான். பார்லிமெண்டுக்கு நிற்பவர்கள் இதைக் கூச்சமில்லாமல் செய்வார்கள் என்று கேள்வி. நான் நின்றதோ இருபத்து மூன்று பேர் கொண்ட ஒரு மன்றத்தின் செயலாளர் பதவிக்கு. இருந்தும் எனக்கே போட்டேன். ஆசையால் அல்ல, பயத்தால்.

மன்றம் இராமேஸ்வரத்தில், ரயிலடிக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு வாடகை அறையில் இருந்தது. ஒரு கேரம் பலகை, கதவு மூடாத அலமாரியில் அறுபது புத்தகம், ஒரே ஒரு தினசரி. நான் அப்போது யாத்திரிகர் விடுதி ஒன்றில் மேனேஜர். உலகத்தில் நடப்பதை நான் உடனுக்குடன் தெரிந்துகொள்ளாவிட்டால் உலகம் தடம் புரண்டுவிடும் என்று நம்பிய காலம். தினசரி மத்தியான ரயிலில் வரும். செயலாளர் போய் வாங்கி நேரே வீட்டுக்குக் கொண்டுபோவார். மன்றத்து மேசைக்கு அது வர ஐந்து மணி ஆகும்.

அந்த நாலு மணி நேரமும் எனக்கு இருப்புக் கொள்ளாது. விடுதி வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடப்பேன். அறைச் சாவி கேட்ட வடக்கத்தி யாத்திரிகருக்குக் குடிதண்ணீர் கொடுத்திருக்கிறேன். கொரியாச் சண்டை என்ன ஆயிற்றோ என்று நான் தவிக்கும்போது, ஒரு சங்குக்கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே என்னை அரித்தது.

அந்தச் சங்குக்கடைக்காரர்தான் ஒன்பது வருஷமாகச் செயலாளர். ஆண்டுக் கூட்டத்தில் யாராவது எழுந்து, போன வருஷக் கமிட்டியே இருக்கட்டும் என்பார்கள். எல்லாரும் கை தூக்குவார்கள். உடனே சுண்டல் வந்துவிடும். எங்கள் ஜனநாயகம் சுண்டல் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற ஜனநாயகம்.

அந்தப் பெரியவர் முகத்துக்கு நேரே எவன் கை தூக்காமல் இருப்பான்? மறைவில் போட விட்டால் உண்மை வெளிவரும், தினசரியும் ரயிலடியிலேயே என் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். நாட்டில் முதல் பொதுத்தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று அங்கே வைத்தது போலவே இங்கேயும் வைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசினேன். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. ரயில்வே புக்கிங் கிளார்க் என் பெயரை முன்மொழிவதாகச் சொன்னார். கருவாட்டு மண்டி பாய் வழிமொழிவதாகச் சொன்னார். "இன்ஷா அல்லா, இந்தத் தடவ செயலாளர் நீங்கதான், மேனேஜர். நான் இருக்கேன்ல" என்று தோளில் தட்டினார்.

கூட்டத்தன்று அறை மூலையில் ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் இரண்டு பிஸ்கட் டின்கள் வைத்தோம். ஒன்றின் மேல் அவர் பெயர், ஒன்றின் மேல் என் பெயர். ஆளுக்கு ஒரு சோழி. வேண்டிய டின்னில் போட்டுவிட்டு வரவேண்டும். சோழிகளை இலவசமாகத் தந்தது என் எதிரியின் கடை. வேட்பாளர்கள் கடைசியில்தான் போட வேண்டும், அதிலும் மூத்தவர் முதலில் என்று விதி எழுதியவன் நான்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். டக் என்று ஒரு சத்தம், வெளியே வந்தார்கள். எந்த டின் என்று சத்தத்தில் தெரியவில்லை. கடல் காற்று வேட்டியைத் தூக்கும்போதெல்லாம் நான் கழுத்தை நீட்டினேன். டின்கள் தெரிவதற்குள் வேட்டி இறங்கிவிடும். எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலைச் சாத்தினேன், புழுக்கம் தாங்காமல் திறந்தேன். தலைமை வகித்த மருந்துக்கடைக்காரர் வயிறு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டார். பெரியவரோ போட்டுவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக நான் போனேன். அவர் டின்னில் பாதிக்குச் சோழி. என் டின்னைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு சோழி உருண்டு வந்தது. மறுபடி சாய்த்தேன். அதே சோழி திரும்ப உருண்டு போனது. முன்மொழிந்தவர் ஒருவர், வழிமொழிந்தவர் ஒருவர். எந்தக் கணக்கிலும் இரண்டாவது இருக்க வேண்டுமே. பெருந்தன்மையாக என் சோழியை அவர் டின்னில் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒற்றைச் சோழியைக் கையில் கொட்டி எண்ணப்போகும் காட்சி கண்ணில் வந்தது. என் டின்னிலேயே போட்டேன்.

இருபத்தொன்று, இரண்டு. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சுண்டல் வந்தது. புக்கிங் கிளார்க் என்னை ஓரமாக இழுத்து, யார் மாறினாலும் தன் ஓட்டு எனக்குத்தான் விழுந்தது என்று சத்தியம் செய்தார். அவர் போனதும் பாய் வந்து அதையே சொன்னார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று கண்டுபிடிக்க இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததில் கையிலிருந்த சுண்டல் ஆறிப்போயிற்று.

வெளியே வந்தபோது பெரியவர் வாசலில் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். என் டின்னில் எனக்கு முன்பே கிடந்த அந்த ஒரு சோழி தன்னுடையது என்றார்.

"மத்தியான வெயில்ல ரயிலடிக்கு நடந்து முழங்கால் ரெண்டும் போச்சு தம்பி. பேப்பர நான் எங்க படிச்சேன்? வீட்டுக்கு வந்ததும் மூஞ்சியில போட்டுக்கிட்டு தூங்கிருவேன். இவங்க என் பேரச் சொல்றப்ப வேணாம்னு சொல்ல வாய் வரல. நீ வேகமா அலைஞ்சியா, சரி, இந்த வருசம் விடுதலைன்னு இருந்தேன்" என்றார். இரண்டடி நடந்து, திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"உன்னையும் என்னையும் விட்டா இந்த ஊருல ஒரு ஓட்டு வாங்க ஏலலையே உனக்கு."