நான் அழிக்காத நிழல்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு ஸ்டுடியோவில் எனக்கு டச்சிங் வேலை. நெகட்டிவில் முகத்தின் நிழல் விழுந்த இடத்தைக் கூரான பென்சிலால் மெல்லத் தீற்றினால், பிரிண்டில் அந்த இடம் வெளுத்து வரும். மூக்கோர நிழல், கண்ணுக்கடியில் நிழல் எல்லாவற்றையும் போக்கி, வந்தவர்களை மாவு பூசியவர்கள் மாதிரி ஊருக்கு அனுப்பிவைப்பேன். அந்த வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நிழல் இல்லாத முகம் எந்த ஊரில் இருக்கிறது?

ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டவர்கள் சாயங்கால பஸ்ஸுக்குள் பிரிண்ட் கேட்பார்கள். அதனால் ஒன்றிரண்டு மீதி இருந்தாலும் கேமராவில் சுவரையே படமாகத் தட்டிவிட்டு ரோலைக் கழுவப் போட்டுவிடுவோம். சுவருக்குப் போய்க்கொண்டிருந்ததை நான் தெருப்பக்கம் திருப்பினேன். மூடுபனி விலகி வெயில் அடிக்கும் கொஞ்ச நேரத்துக்குள் மார்க்கெட் படிக்கட்டு, டீக்கடை பெஞ்சு, பஸ் ஸ்டாண்டு கம்பிகளின் நிழல் என்று எடுத்துத் தள்ளினேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

மாரமங்கலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணை எடுத்ததில்தான் வம்பு வந்தது. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். மிளகு மூட்டைமேல் கை வைத்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பி நிழல் விழுந்து பாதி முகம் இருட்டு. முதலாளி சேலத்துக்குப் பிரிண்ட் பேப்பர் வாங்கப் போன நாளில் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஷோகேஸில் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் முகம் சிவந்துவிட்டது. "ஏங்கண்ணு, பாதி மூஞ்சியக் காணோம். பாக்கறவங்க நம்ம கடையில லைட்டே இல்லைம்பாங்க. நெழல எடுத்துட்டு வேற பிரிண்ட் போடு. முடியாட்டி நாளைக்கு வர வேண்டாம்."

என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பென்சிலைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணே வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அது நானுங்களா?"

"நெழலு உழுந்து கெட்டுப்போச்சுங்க. சரி பண்ணிருவோம்," என்றார் முதலாளி.

"எதுக்குங்க? நெழலு மூக்குக்கு வந்திருக்குது பாருங்க, பஸ்ஸு வர்ற நேரம். அத எடுத்துப்போட்டா எந்நேரம்னு எப்படிங்க தெரியும்?"

எங்கள் பஸ் ஸ்டாண்டில் வெயில் இருந்தால் அப்படித்தான். கம்பி நிழல் பெஞ்சில் இருப்பவர்கள் மூக்கைத் தொட்டதும் மாரமங்கலத்துக்காரர்கள் மூட்டையைத் தூக்கிவிடுவார்கள். எதிர்க்கடையில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

முதலாளி மசியவில்லை. "படம் கடையோடது கண்ணு. தீத்து."

பென்சிலை மேசைமேல் வைத்தேன். "முடியாதுங்கண்ணா."

பிரிண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நெகட்டிவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் போகவில்லை. அதன்பிறகு வீட்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அந்த நெகட்டிவில் இன்றுவரை பென்சில் படவில்லை. கடைச் சொத்து என்று அவரே வந்து கேட்டாலும் தர மாட்டேன்.