பசித்தவர் முன்னால் உண்டவர்

செஞ்சி வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: அரசு மருத்துவமனை வாசலில் போன வாரம் ஒருநாள் இலவசச் சாம்பார் சாதம் அரை மணி நேரம் முன்னதாகவே பரிமாறப்பட்டது. வரிசையில் கைதட்டல்கூட எழுந்தது. சாப்பிட்டு முடித்துக் காலி நாற்காலியைப் பார்த்த பிறகுதான் ஒருவர் விசாரித்தார். ஆரோக்கியம் அக்கா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டாராம்.

அந்த அன்னதானத்தை நடத்தியவர் அவர்தான். எந்த வீட்டிலிருந்து சோறு வந்தாலும் முதல் தட்டை அவரே தின்பார். பிறகு அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பசித்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் வல்லத்துப் பெரியவர் ஒருவர் பொறுமையிழந்தார்.

“இன்னாம்மா, நீ சாவறியா இல்லியான்னு பாத்துக்கினே நிக்கணுமா?”

“ஆமாய்யா. நான் விழுந்தா சோத்துல கைய வெச்சிடாத.”

ஒட்டுண்ணி தெரியும், இவர் முன்னுண்ணி என்று பெயர் வைத்தவன் அடியேன். அது அவர் காதுக்கும் போனது. “பரவால்லடா. நீ பின்னுண்ணி. போய்க் கடைசில நில்லு,” என்று அனுப்பிவிட்டார்.

என் நைனா வீட்டிலேயே பிரியாணி செய்து ஆர்டருக்குக் கொடுப்பவர். விற்றாலும் சரி, தானம் செய்தாலும் சரி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள் என்று அக்கா பலமுறை சொன்னார். “எங்க வூட்டு அடுப்ப எவனோ வந்து மோந்து பாக்கணுமா?” என்பார் நைனா. “ஓசி சோறு, காசு சோறுன்னு வயித்துக்குத் தெரியாதுய்யா,” என்பார் அக்கா.

தாத்தாவின் நினைவு நாளன்று நைனா ஓர் அண்டா பிரியாணி கொண்டுபோனார். முந்தின இரவே தம் போட்டது, மூடியே கிடந்தது. அக்கா ஒரு வாய் வைத்தார், எல்லார் முன்னாலும் துப்பினார், பினாயில் பாட்டிலை எடுத்தார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், “எனக்கு மட்டுமாச்சும் குடும்மா, காலைலேர்ந்து ஒண்ணுமில்ல,” என்று கெஞ்சினாள். அவள் கை நீண்டிருக்கும்போதே அண்டாவுக்குள் ஊற்றினார்.

“செத்தவருக்குப் படைச்ச சோறும்மா!” நைனாவின் குரல் உடைந்தது.

“அவருதான் செத்துட்டாரே, இனிமே அவருக்கு இன்னா ஆவும்? இவங்க இன்னும் சாவல.”

அப்போது முன்னால் பாய்ந்து, “பினாயில் ஊத்துற கைக்கு எந்த ஆபீஸ்ல பதிவு போட்ட?” என்று கேட்டவன் நான்தான். இந்தக் கதையை நான் சொல்லாத டீக்கடை செஞ்சியில் இல்லை. நைனாவுக்குப் பாதி ஆர்டர் போய்விட்டது. அவர் அக்காவைச் சபிக்காத நாளும் இல்லை.

சாவுச் செய்தி கேட்டதும் நைனா சிரித்தார். “அவ ஏழாம் நாளுக்கு அதே வாசல்ல நானே பிரியாணி போடறேன். இப்ப எவ வந்து பினாயில் ஊத்துறான்னு பாக்கறேன்.”

அந்த ஏழாம் நாள், நாளைக்கு. ஆகவே என் வீரத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அன்று வாசலிலேயே இல்லை. காலையில் அந்த அண்டாவிலிருந்து யாருக்கும் தெரியாமல் இரண்டு தட்டு தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, அதே மருத்துவமனைக்குள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். வெளியே நடந்ததெல்லாம் வரிசையில் நின்ற நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

மாலையில் அக்கா வந்து பார்த்தார். “உங்க நைனாகிட்ட சொல்லட்டா?” வேண்டாம் என்று அழுதேன்.

“அப்ப நீயே சொல்லு. அதுவரைக்கும் அந்தாளு என்னைத் திட்டிக்கினு இருக்கட்டும்.”

திட்டு வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் சொல்லாமல் எனக்கு விட்டுவைத்த அந்தச் செய்தி ஒன்றுதான். இதை முதலில் நைனாவுக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் அடுப்படியில் அரிசி ஊறவைத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறேன்.