அனுப்பாத நோட்டீசுக்கு வந்த பதில்

என் தம்பி ஒருமுறை ஒரு கொள்ளைக் கூட்டத்தையே ஒற்றை ஆளாக மடக்கிப் பிடித்தான். பிடித்தான் என்பது கொஞ்சம் கூடுதல். கூட்டம் இன்னும் வெளியேதான் திரிகிறது. சரி, துரத்தினான். அதுவும் கூடுதல்தான், அவர்கள் எந்தத் தேசத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்றே யாருக்கும் தெரியாது. அவன் கண்டுபிடித்தது தன் பைக்குள் கிடந்த ஒரு கவரை. ஆனால் அந்தக் கவர் ஒரு கொள்ளைக் கூட்டத்துக்குச் சமம் என்பதில் நான் ஒரு குண்டுமணி அளவும் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

அவன் வக்கீல் குமாஸ்தா. முப்பத்தைந்து வருடமாக ஒரே ஆபீஸ், மூன்றாம் மாடி, லிஃப்ட் என்று பெயர் பண்ணிக்கொண்டு நிற்கும் ஒரு கூண்டுக்கு எதிரில். முதலில் பெரிய வக்கீல். அவர் போன பிறகு அவர் மகள். அவளை இவன் மேடம் என்பான், அவள் இவனை அண்ணே என்பாள். நாங்கள் எல்லோரும் அவனை ரசீது என்போம். எதற்கும் ரசீது வாங்காமல் நகர மாட்டான். சட்டை தேய்க்கக் கொடுத்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்குவான். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு மட்டும் ரசீது வாங்க மறந்துட்டார். அதான் திருப்பிக் கொடுக்க முடியல" என்பாள் அவன் மனைவி.

ஆபீசில் அவனுடைய ராஜ்யம் தபால் ரிஜிஸ்டர். வெளியே போகும் ஒவ்வொரு நோட்டீசும் காலையில் அதில் ஏறும். மாலையில் பதிவுத் தபால் ரசீதின் எண் கடைசிக் கட்டத்தில் ஏறும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. பெரிய வக்கீல் காலத்தில் மூன்று வழக்குகள் அந்த ரிஜிஸ்டராலேயே ஜெயித்தன. ஒன்றுதான் என்பான் அவன். தன்னடக்கம்.

போன வருடம் மேடத்துக்கு ஓர் ஈமெயில் வந்தது. வெளிநாட்டில் இயந்திரம் செய்யும் கம்பெனி. உங்கள் ஊரில் ஒருவர் எங்களிடம் சரக்கு வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுக்கிறார், நோட்டீஸ் அனுப்பி வசூலித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மேடம் பீஸ் சொன்னாள். மறுபேச்சில்லாமல் சரி என்றார்கள். பேரம் பேசாத கட்சிக்காரரை என் தம்பி அதுவரை பார்த்ததில்லை; வெளிநாட்டுக்காரர்கள் நாகரிகமானவர்கள் என்று நினைத்துக்கொண்டான்.

நோட்டீஸ் தயாரான அன்று அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. பாதி முகம் பூசணிக்காய். கவரைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் பல் டாக்டரிடம் போனான். ஊசி போட்டதில் வாயோடு மூளையும் மரத்துப் போயிற்று போலிருக்கிறது. நேரே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, பணம் தர வேண்டியவரிடமிருந்து கூரியரில் காசோலை வந்தது, முழுத் தொகைக்கு. கூடவே ஒரு கடிதம்: தங்கள் நோட்டீஸ் கிடைத்தது, வழக்கு வேண்டாம்.

"பாத்தீங்களா அண்ணே, ஒரே நோட்டீஸ்! அப்பா காலத்துல இப்படி நடந்திருக்குமா?"

"இல்லைங்க மேடம். அப்பா மூணு அனுப்புவாரு, நாலாவதுக்குத் திட்டு வரும்."

காசோலையைக் கட்சிக்காரர் கணக்கில் போட்டார்கள். வக்கீலை நம்பி மற்றவர்கள் ஒப்படைக்கும் பணம் இருக்கும் கணக்கு அது. அப்போது அதில் ஒரு நர்ஸ் பதினாறு வருடம் சேர்த்த பணம் இருந்தது. வீடு வாங்குகிறாள், அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்திரப்பதிவு.

செவ்வாய்க்கிழமை, வந்த கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைக்க, நோட்டீஸ் அனுப்பிய ரசீதைத் தேடினான் தம்பி. ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டம் காலி. பையைக் கவிழ்த்தான். குடைக்கும் பழைய செய்தித்தாளுக்கும் நடுவில் கவர் பத்திரமாக இருந்தது.

முதலில் அப்பாடா என்றுதான் இருந்ததாம். பணம்தான் வந்துவிட்டதே, யாருக்குத் தெரியப்போகிறது? மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. நோட்டீஸ் இங்கே பையில் இருக்கிறது. அப்படியானால் அவர்களுக்குக் 'கிடைத்தது' எது? திரும்ப ஏறினான்.

"மேடம், அந்த நோட்டீஸை ஈமெயில்லயும் அனுப்பினீங்களா?"

"இல்லையே. நீங்கதான் தபால்ல போட்டீங்களே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

முப்பத்தைந்து வருடத்தில் அவன் சும்மா கேட்ட முதல் கேள்வி அது.

அதன் பிறகு அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று தெரியவில்லை. ரிஜிஸ்டரைத் திறப்பான், மூடுவான். தண்ணீர் குடிக்கப் போவான், குடிக்காமல் வருவான்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கீங்க? உக்காருங்க" என்றாள் மனைவி.

"உக்காந்துதானே இருக்கேன்."

"நின்னுக்கிட்டு இருக்கீங்க."

வெள்ளிக்கிழமை காலை, காசோலைத் தொகை கணக்கில் தெரிந்தது. தெரிவது வேறு, காசோலை நிஜமாகப் பாஸாவது வேறு. எழுதிக் கொடுத்த வங்கி ஆமாம் என்று சொல்லும்வரை அது வெறும் எண். ஆனால் கம்பெனிக்காரர் காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணிவிட்டார். தொழிலாளிகளுக்குச் சம்பளம் நிற்கிறதாம். உங்கள் பீஸை எடுத்துக்கொண்டு மீதியை இன்றைக்கே அனுப்புங்கள் என்று உருகினார். மேடம் பணம் அனுப்பும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அதை வங்கிக்கு எடுத்துப் போனவன் யார்? நம் ரசீதுதான்.

டோக்கன் அறுபத்து நாலு. பலகையில் ஐம்பத்தேழு. அவன் உட்கார்ந்தான், எழுந்தான், இன்னொரு நாற்காலிக்கு மாறினான். இந்த இடத்தில் அவன் படிவத்தை மென்று விழுங்கிவிட்டான் என்றுதான் பல வீடுகளில் சொல்லி வந்தேன். பல் வலிக்காரன் எப்படி மென்றான் என்று ஒருத்தி கேட்டதிலிருந்து அதை விட்டுவிட்டேன். அறுபத்து மூன்று வந்ததும் எழுந்தான். படிவத்தோடு வாசலைப் பார்த்து நடந்தான். மூன்று மாடியையும் மூச்சுவிடாமல் ஏறினான்.

"அனுப்பிட்டீங்களா அண்ணே?"

படிவத்தையும் கவரையும் மேசைமேல் வைத்தான்.

"இது என்ன, இன்னொரு காப்பியா?"

"அதே நோட்டீஸ்தாங்க. நான் போடல."

அவள் கவரைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டாம்ப் இருந்தது, முத்திரை இல்லை.

"அப்போ அவங்களுக்கு எது கிடைச்சுது?"

"அதைத்தான் மூணு நாளா நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"மூணு நாளாவா?"

அந்த ஒரு வார்த்தை, பெரிய வக்கீல் கத்திய அத்தனை கத்தலையும்விடக் கனமாக இருந்ததாம். அவள் உடனே காசோலை எழுதிய வங்கியைக் கூப்பிட்டாள். கடிதத்தில் இருந்த எண்ணில் இல்லை, தானே தேடி எடுத்த எண்ணில். அப்படி ஒரு காசோலையே நாங்கள் கொடுக்கவில்லை என்றார்கள். அச்சு, முத்திரை, கையெழுத்து எல்லாம் போலி. கடன் வாங்கியவனும் இல்லை, கொடுத்தவனும் இல்லை. இரண்டும் ஒரே கூட்டம். பணம் போயிருந்தால், காசோலை திரும்பும் நாளில் பள்ளத்தை நிரப்பியிருப்பது நர்சின் வீட்டுப் பணம். அந்த வீடு அடுத்த வாரம் வியாழக்கிழமை பதிவாயிற்று. மேடம் என் தம்பியிடம் திங்கட்கிழமை வரை பேசவில்லை. பேசியபோது சம்பளத்தை இரண்டு மடங்காக்கினாள்.

இதை எழுதி முடித்து அவர்கள் வீட்டிலேயே வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி, "இரண்டு மடங்கா? அண்ணி, அந்தச் சம்பளம் எந்த வீட்டுக்குப் போகுது?" என்று கேட்டாள். அதை நான் எதிர்பார்த்ததுதான். தம்பி சிரிக்கவில்லை.

"அறுபத்து மூணுல நான் எழுந்திரிக்கலக்கா."

"பின்னே?"

"அறுபத்து நாலு கூப்பிட்டாங்க. போய்க் கொடுத்துட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு டைப் பண்ண ஆரம்பிச்சுட்டா. கணக்கு நம்பர் போட்டாச்சு, தொகை போட்டாச்சு. அப்புறம்தான் திருப்பிக் கேட்டேன். 'கையெழுத்து உங்க மேடம் போட்டது, நிறுத்தச் சொல்ல நீங்க யாரு சார்'னா. பின்னாடி நிக்கறவங்க எல்லாம் கத்துறாங்க. எனக்குக் காரணம் சொல்லத் தெரியல. 'நான் தபால்ல போடலம்மா'ன்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியல. ஆனா விரலை எடுத்துட்டா."