படியேறி வராதவர்கள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'ஆனா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. யார் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுக்கொள்வாள். தலையைக்கூட ஆட்டுவாள். எல்லாம் முடிந்தது, எழுந்து போகலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது, "ஆனா சார்..." என்பாள். அப்புறம் எங்கே போவது? வாங்கி வைத்த டீ ஆறி, அதன் மேல் ஆடை படிந்து, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸும் போயிருக்கும். நான் அவளுக்கு எதிர் மேசை. இத்தனை வருஷத்தில் அவள் கழுத்தை நான் நெரிக்கவில்லை என்பதே என் பொறுமைக்கு அத்தாட்சி.

நகராட்சியில் முதியோர் சேவைப் பிரிவு எங்களுடையது. வயதானவர்களுக்கான எந்த ஏற்பாட்டைத் தொடங்கினாலும், நிறுத்தினாலும், இடம் மாற்றினாலும், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று முன்கூட்டியே பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. பெண்களுக்கு என்ன ஆகும், நடக்க முடியாதவர்களுக்கு என்ன ஆகும், வேறு மொழி பேசுகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக. சமத்துவப் பாதிப்பு ஆய்வு என்று அதற்குப் பெரிய பெயர். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் 'பாதிப்பு இல்லை' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தார். குத்துவார், கையெழுத்துப் போடுவார், வீட்டுக்குப் போவார். நல்ல மனுஷன், ரத்தக்கொதிப்பு இல்லாமல் ஓய்வு பெற்றார். இவள் வந்த முதல் வாரமே அந்த ஸ்டாம்பை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போய்விட்டாள். அண்ணன் ஒருவன் தூரத்தில் இருந்துகொண்டு போனில் அக்கறை காட்டுகிற ரகம். வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா நூற்பாலையில் காலம் முழுக்க இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர். காது இரண்டும் ஆலையோடு போய்விட்டது. கத்தினால் பாதி கேட்கும், மீதியை நம் வாயைப் பார்த்து அவரே போட்டுக்கொள்வார். தெருவில் யாரும் அவரிடம் நின்று பேசுவதில்லை. யாருக்கு அவ்வளவு தெம்பு?

ஒரே ஒருவருக்கு இருந்தது. எங்கள் பிரிவில் இருந்து மதியச் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஸ்கூட்டர்காரருக்கு. அந்த ஆளுக்குப் பிறவியிலேயே தொண்டை பெரிசு. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, "என்ன பெருசு, இன்னும் இருக்கீங்களா?" என்று கத்துவார். "உன் சாப்பாட்டைத் தின்னும் சாகலையே, அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு!" என்று இவர் கத்துவார். பிறகு கால் மணி நேரம் இருவரும் ஊர் கேட்கச் சண்டை போடுவார்கள். காலையில் பேப்பர் வந்ததும் எந்தச் செய்தியை வைத்து அந்த ஆளிடம் வம்புக்கு இழுக்கலாம் என்று கிழவர் பேனாவால் வட்டம் போட்டு வைத்துவிடுவார். ஒரு நாளில் அவர் வாய் திறந்து பேசுவது, சிரிப்பது எல்லாம் அந்தக் கால் மணி நேரம்தான். இதை மகள் எனக்குச் சொன்னபோது சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

போன வருஷம் எங்கள் அதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. வீடு வீடாகச் சாப்பாடு கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரே இடத்தில் சாப்பாட்டுக் கூடம் திறப்பது. செலவு குறையும், தனிமையும் தீரும். யோசனை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய நூலகக் கட்டிடத்தின் மாடியில் பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. வயதானவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் விதி ஆயிற்றே, கேட்டார்கள். எங்கே கேட்டார்கள் என்கிறீர்கள்? அந்த மாடிக் கூடத்திலேயே. லிப்ட் கிடையாது. வந்தவர்களை உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, "இங்க வந்து சாப்பிடுறதுல யாருக்காவது சிரமம் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். ஒருவருக்கும் இல்லை. ஒரு கை தூக்கப்படவில்லை. அதிகாரி முகத்தில் அப்படி ஒரு ஒளி.

நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். வந்தது.

"ஆனா சார், மேல ஏறி வர முடியாதவங்ககிட்ட கேட்டீங்களா?"

"வராதவங்ககிட்ட எப்படிம்மா கேக்கறது? அவங்கதான் வரலையே!"

அதிகாரி இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் முதல் வராதவர்களின் வீடுகளுக்கு நடையாய் நடந்தோம். நடந்தோம் என்றால், அவள் நடந்தாள், என்னை இழுத்துக்கொண்டு போனாள். வயதானவர்களிடம் பேசும்போது வீட்டு ஆட்கள் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம். மகனோ மருமகளோ நின்றால், "எங்களுக்கு என்ன குறைச்சல், மகராசனா வெச்சிருக்காங்க" என்ற பாட்டுத்தான் வரும். அதனால் உள்ளே நுழைந்ததும், "கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று மருமகளை உள்ளே அனுப்புவாள். தண்ணீர் வரும். அவள் எழுதிக்கொண்டிருப்பாள். கொண்டுவந்ததைக் குடிக்காவிட்டால் மரியாதையா? நான் குடிப்பேன். "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்பாள். அதையும் நான்தான் குடிப்பேன். ஒரு தெரு முடிவதற்குள் என் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று, கேட்டதெல்லாம் மறக்கிற மாதிரி இல்லை. ஒரு அம்மா, படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைக் காட்டி, "நான் சாப்பிட வந்துட்டா இவருக்கு யாரு ஊட்டுறது?" என்றாள். கை நடுங்குகிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நாலு பேரு முன்னாடி மேல எல்லாம் கொட்டிக்கிட்டுச் சாப்பிடணுமா? அதுக்குப் பட்டினி கிடக்கலாம்மா" என்றார். இன்னொரு அம்மாவுக்கு நம் மொழியே தெரியாது. கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போன அறிவிப்பைப் பத்திரமாக மடித்து, மின்சார பில் என்று நினைத்து, மகன் வந்தால் கட்டச் சொல்ல வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி இரண்டு நாள் படித்தார். கெட்ட மனிதர் இல்லை, மாடிப்படி மட்டும்தான் அவர் கண்ணில் படாமல் போயிற்று. கூப்பிட்டுச் சொன்னார்.

"சரிம்மா. கூடத்தைக் கீழ் தளத்துக்கு மாத்திடலாம். நடக்க முடிஞ்சவங்க அங்க வரட்டும். முடியாதவங்களுக்கு வீட்டுக்கே போகட்டும். ஆனா எல்லாருக்கும் குடுக்கப் பணம் கிடையாது. யாரை விடலாம்னு நீயே நியாயமா எழுதிக் குடு."

அன்றைக்கு ஆனா என்று சொன்னது அதிகாரி. இவள் வாயே திறக்கவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தாள். மூன்றாம் நாள் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். சம்பாதிக்கிற பிள்ளையோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு நிறுத்தப்படலாம் என்று எழுதியிருந்தது. நான் படித்தேன். மறுபடி படித்தேன்.

"இது உங்க அப்பா இல்லையாடி?"

"எங்க அப்பாவும்தான். இன்னும் நிறைய பேர் இருக்காங்க அக்கா. அவங்களுக்குச் சாப்பாடு செஞ்சு வெச்சுட்டுப் போக ஒரு ஆள் இருக்கு. படுத்த புருஷனுக்கு ஊட்டுற அந்த அம்மாவுக்கு யாரு இருக்கா?"

"சாப்பாடா இங்க விஷயம்? அந்த ஸ்கூட்டர்காரன் வரலேன்னா அவரு யாருகிட்ட பேசுவாரு?"

"நான் இருக்கேன்ல."

"நீ எங்கடி இருக்கே? இங்கல்ல இருக்கே!"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "காது கேக்காதவங்களுக்கு மட்டும் விதிவிலக்குன்னு ஒரு வரி சேரு. அதுவும் நியாயம்தானே? கூடத்துல போய் உட்கார்ந்தாலும் அவங்களுக்கு யாரு பேசுறதும் புரியப் போறதில்ல" என்றேன்.

பேனாவை எடுத்தாள். வைத்தாள். "சேத்தா எனக்காகச் சேத்த மாதிரி இருக்கும் அக்கா."

"வேற யாரு அப்பாவா இருந்தாலும் சேத்திருப்பே!"

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். ஊரில் உள்ள செவிட்டுக் கிழவர்கள் அத்தனை பேருக்காகவும் மேசையைத் தட்டிப் பேசியிருப்பாள். சொந்த அப்பா ஒருத்தர் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பதற்காக மொத்தப் பேரையும் விட்டுவிட்டாள். நேர்மை முற்றினால் இப்படித்தான் கண்ணை மறைக்கும் போலிருக்கிறது. அந்த வரி சேராமலே அறிக்கை போயிற்று, ஏற்கப்பட்டது. அதிகாரி அவளைப் பாராட்டினார். படுக்கையில் கிடப்பவரின் மனைவிக்குச் சாப்பாடு தொடர்ந்து போனது. அவள் அப்பாவுக்கு நின்றது.

அப்பாவிடம், "ஆபீஸ்ல ரூல் மாத்திட்டாங்கப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லையாம்.

சில மாதம் கழித்து, சாப்பாடு நிறுத்தப்பட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்து எழுத வேண்டி வந்தது. இதுவும் அவள் அறிக்கையில் அவளே கேட்டு வாங்கிய ஏற்பாடுதான். சொந்த வீட்டுக்கு அவளே போகக்கூடாது என்பதால் என்னை அனுப்பினாள். வீட்டு ஆட்கள் இருக்கக்கூடாதே, அதனால் அவள் அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

பதில்களை ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்று முதலில் சொல்ல வேண்டும். சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. "நீங்க சொல்றதை யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்!" என்று கத்தினேன். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

"எம் பொண்ணுகிட்டயுமா?"

"அவகிட்டயும்தான்!"

"சாப்பாட்டுக்குக் குறை இல்ல. காலையிலேயே செஞ்சு டப்பாவுல வெச்சுட்டுப் போறா. ருசியாத்தான் இருக்கு. அந்த ஆபீஸ் சாப்பாடு மாதிரி இல்ல." கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அடுத்தது கேட்பேன் என்று. நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "பேப்பர் படிக்கிறத விட்டுட்டேன். படிச்சு யாருகிட்ட சொல்ல? சாயங்காலம் அவ வருவா. 'சாப்பிட்டீங்களாப்பா'ம்பா. ஆமாம்பேன். டப்பாவைக் கழுவி வெச்சிருக்கேனே, அதைப் பாத்தாலே தெரியுமே. தெரிஞ்சும் அதையேதான் கேப்பா. வேற ஒண்ணும் கேக்க மாட்டா. பாவம், அவளுக்கு ஊர்ல இருக்கற கிழடுங்ககிட்ட எல்லாம் பேசிப் பேசி வாய் வலிக்கும்."

எழுதிக்கொண்டேன். "நான் வரட்டுமாய்யா?" என்று எழுந்தேன். "வேற எதுவும் கேக்கணுமா? கேளு, கேளு, எனக்கு நேரம் இருக்கு" என்றார். கேட்க ஒன்றும் இல்லாமல், ஆலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுக் கத்திவிட்டு வந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் கடைசி வரை திறந்தே இருந்தது.

பெயர் போடாமல்தான் எழுதிக் கொடுத்தேன். அவளிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், சொல்லவில்லை, எழுதினேன். இரண்டும் வேறு. யாராவது மறுத்துப் பேசினால் நான் சண்டைக்கு வருவேன்.

அலுவலகக் கூட்டத்தில் அந்தப் பதில்களை வாசிப்பது அவள் வேலை. எல்லாவற்றையும் முன்பே படித்திருந்தாள். அது அவள் பழக்கம். ஆகவே அந்தத் தாள் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், வரிசையை மாற்றவில்லை. மற்றவற்றை வாசித்த அதே குரலில் வாசித்தாள். மகள் சாயங்காலம் வருகிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், வேறு ஒன்றும் கேட்பதில்லை. கடைசி வரிவரைக்கும் விடவில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அடப்பாவமே. பெத்த அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியாதாம்மா? யாரு அந்தப் பொண்ணு?"

"நான்தான் சார்."

அதிகாரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கினார். அவை ஏற்கெனவே அடுக்காகத்தான் இருந்தன.

"சரி... இதுக்கு நம்ம பக்கத்துல இருந்து என்ன செய்யலாம்?"

"நம்ம பக்கத்துல செய்ய இருக்கு சார். காது கேக்காதவங்களுக்கு விதிவிலக்கு குடுத்திருக்கணும். நான்தான் எழுதல. இப்ப எழுதிக் குடுக்கறேன்." வாசித்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். "எங்க அப்பாவுக்கு வேண்டாம் சார். அவருக்கு நான் பேசணும்."

அடுத்த தாளை எடுத்தாள். முதல் வார்த்தையே வரவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து தாளில் விழுந்தது. நான் எழுந்து போய் அவள் கையில் இருந்த தாள்கட்டை வாங்கினேன்.

"அவரை மட்டும் விட்டுடாதேடி, மூதேவி" என்றேன், அதிகாரி முன்னால், அவ்வளவு பேர் முன்னால். "அந்த ஸ்கூட்டர்காரனும் வரட்டும், நீயும் பேசு. ரெண்டு பேரு பேசினா அவரு வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அதிகாரியைப் பார்த்தாள். "எங்க அப்பாவையும் சேத்துக்கலாமா சார்?" என்று கேட்டாள், விண்ணப்பம் போட வந்தவர்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிற குரலில்.