எண்ணெய் போன பிண்ணாக்கு

தண்டையார்பேட்டைப் பிண்ணாக்குக் கடை ஞானதுரை, பன்றி வளர்க்கும் சிலுவையம்மாளுக்கு நூற்றுப் பத்து ரூபாய் கடன்பட்டிருந்தார். கைநீட்டி வாங்கிய கடனில்லை. வாய் கொடுத்து வந்த கடன்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, சாத்தான்குளத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, மூட்டை தூக்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் சொந்தக் கடை போட்ட மனுஷர். பிண்ணாக்கை விரலிடுக்கில் நசுக்கியே தரம் சொல்லிவிடுவார். அந்த வட்டாரத்தில் வேறு எவனுக்கும் அந்தக் கை கிடையாது.

சிலுவையம்மாள் வாங்குவது எப்போதும் செக்குக் கடலைப் பிண்ணாக்கு. கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து ஏழு பன்றிக்கும் ஊற்றுவாள். கப்பல்களுக்கு இறைச்சி கொடுக்கும் காண்டிராக்டர், கிறிஸ்துமஸுக்கு உருப்படிக்கு எட்டு மணங்கு, ஏறக்குறைய தொண்ணூறு கிலோ, எடை கேட்டிருந்தார். அந்தக் காசில்தான் பன்றிப் பட்டி நின்ற மனைக்குக் குத்தகை கட்ட வேண்டும். தவறினால் இடம் போய்விடும்.

ஆவணியில் ஞானதுரை மில் பிண்ணாக்கு இறக்கினார். வெளேரென்று, கையில் ஒட்டாமல், மணல் இல்லாமல் இருந்தது.

"இன்னா அண்ணாச்சி, சுண்ணாம்புக் கட்டியாட்டம் கீது? எண்ணெப் பசையே காணோமே?"

"பன்னிக்குத் தாளிச்சா கொட்டப் போறிய? சத்து பூரா இதுலதான் இருக்கு. விலையும் முக்கால்வாசி. எடை குறைஞ்சா நான் தாரேன், போங்கக்கா!"

கடையில் நாலு பேர் நின்று கேட்டார்கள். சிலுவையம்மாள் அதையே வாங்கிப் போனாள்.

அந்த மில்லோ கடலையை இயந்திரத்தில் நெரித்து எண்ணெயைச் சொட்டு விடாமல் வழித்திருந்தது. பன்றிக்குக் கொழுப்பு ஏற்றுவது பிண்ணாக்கில் தங்கும் அந்த எண்ணெய்தான். அதே படி, அதே தொட்டி. பன்றிகள் நக்கித் தீர்த்துவிட்டு மறுபடி கத்தின. வயிற்றில் பூச்சி என்று நினைத்து அவள் விளக்கெண்ணெய் புகட்டினாள். இன்னும் இளைத்தன. மார்கழியில் தராசில் ஒன்றுகூட ஆறு மணங்கைத் தாண்டவில்லை. காண்டிராக்டர் திரும்பிப் போனார். கசாப்புக்காரன் அடிவிலைக்கு ஏழையும் ஓட்டிப் போனான். விழுந்த துண்டு நூற்றுப் பத்து.

"நாலு பேர் மின்னாடி சொன்னியே, அண்ணாச்சி."

"சொன்னவன் தருவான்."

ஆனால் சேதி பரவிக் கடைக்கு வாடிக்கை நின்றது. மில் சரக்கு மூட்டையோடு பூச்சி பிடித்தது. பதினான்கு மாதம் கழித்து, தராசையும் விற்றுத்தான் பணம் சேர்ந்தது. அதற்குள் பட்டி நின்ற மனையில் எவனோ கிடங்குச் சுவர் எழுப்பியிருந்தான். அவள் காசிமேட்டில் கூலிக்குக் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். ஞானதுரை பணத்தோடு அங்கே போனார்.

"பட்டியே பூட்ச்சி. இனிமே இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்தார். அவள் உப்புக் கையை முந்தானையில் துடைத்து நீட்டினாள். பத்து ரூபாய்த் தாள் பதினொன்றையும் ஞானதுரை ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தார்.