மூணு அப்பாக்கள் தண்ணிக்குப் போன காலை

கண்ணுங்களா, நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். அதனால எங்க ஊர்ல மனு எழுதணும்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. கொல்லிமலையில, சோளக்காடு ஸ்டாப்புல பஸ்ஸை விட்டு எறங்கி ஒரு மணி நேரம் நடந்தா எங்க ஊர். ரேஷன் கார்டுக்கு மனு, ரோட்டுக்கு மனு, எல்லாம் என் கையெழுத்துதான். ரேஷன் கார்டு வந்துச்சு, ரோடு வரலை. நான் எழுதினதுலேயே மோசமான மனுவைப் பத்தி இப்பச் சொல்றேன்.

ரெண்டாயிரம் பொறக்க ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். என் மக நாலாவது, மகன் மூணாவது. எல்லாருக்கும் ஒரே ரூம்பு, ஒரே டீச்சர். அந்தம்மா கீழ்நாட்டுக்காரங்க. வளைவு வளைவா பஸ்ஸுல ஏறி, தலைசுத்தலோட எறங்கி, நடந்து வருவாங்க. வந்ததும் மொதல் வார்த்தை, "பொம்பளப் புள்ளைங்க போயி சத்துணவுக்குத் தண்ணி கொண்டாங்க." புள்ளைங்க குடத்தோட ஊத்துக்குப் போவாங்க. பசங்க உக்காந்து கணக்குப் பாடம் கேப்பாங்க. ஒரு வருசம் இப்படியே போச்சு. எனக்கும் அதுல தப்பு ஒண்ணும் தெரியலை.

ஒரு நாள் டீச்சர் வகுத்தல் கணக்குல பரீட்சை வெச்சாங்க. பசங்க பாதிப் பேர் பாஸ். பொம்பளப் புள்ளைங்க அத்தனை பேரும் முட்டை.

"ஏன்டி, ஒருத்திக்குமா மண்டையில ஏறலை?"ன்னு டீச்சர் பெரம்பை எடுத்தாங்க.

என் மக எந்திரிச்சு, "நீங்க வகுத்தல் நடத்துனப்பல்லாம் நாங்க ஊத்துல இருந்தோம் டீச்சர்"னு சொல்லியிருக்கா.

டீச்சர் பெரம்பைக் கீழ வெச்சுட்டு, "தப்பு உங்களோடது இல்ல கண்ணு, என்னோடது"ன்னாங்களாம். மறுநாளே புதுச் சட்டம். தண்ணிக்குப் பசங்களும் முறை வெச்சுப் போகணும். எல்லாரும் வந்து உக்காந்தப்புறம்தான் கணக்கு.

ஊரே கொதிச்சுப் போச்சு. "ஆம்பளப் பையன் இடுப்புல குடமா? நாளைக்கு வளையலும் போட்டு விடுவாங்களாட்ட இருக்குது!"ன்னார் டீக்கடைக்காரர். டீச்சரை மாத்தச் சொல்லி மனு எழுதுன்னாங்க. எழுதினேன். எழுதும்போது என் மக வந்து எட்டிப் பாத்தா.

"டீச்சரு போயிட்டா மறுபடியும் நாங்களேதான் தண்ணிக்குப் போகோணுமாப்பா?"

"போயிப் படி சாமி"ன்னேன். மனுவை மடிச்சுச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சேன்.

மறுநாள் காலையில நானும் டீக்கடைக்காரரும் என் பங்காளியும் மனுவோட பஸ்ஸுக்குக் கெளம்பினோம். பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகணும். வாசல்ல டீச்சர்.

"ஏனுங்க, என்னைய மாத்தத்தானே போறீங்க? நல்லாப் போயிட்டு வாங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரங் கெடக்குது. பசங்களுக்கு அவமானம்னா இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்களே ஆளுக்கொரு குடம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

மொளகு மூட்டையத் தலையில வெச்சு மலை ஏறுறவங்களுக்குக் குடம் என்ன பெரிய கனமான்னு ஊத்துக்கு எறங்கினோம். மூட்டை வெச்ச எடத்துல கம்முனு கெடக்கும் கண்ணுங்களா. தண்ணி கெடக்காது. நாம வலது கால் வெச்சா அது எடது பக்கம் சாயும். பனியில வழி வேற வழுக்கல். பங்காளி உக்காந்தே எறங்கினான். ஊத்துல இருந்த பொம்பளைங்க, "மாமா, குடத்துல கொண்டு போறீங்களா, சட்டையில கொண்டு போறீங்களா?"ன்னு சிரிச்சாங்க.

கொண்டு போய் வெச்சா சத்துணவு ஆயா எட்டிப் பாத்துட்டு, "இது அரிசி களையவே பத்தாதுங்க"ன்னுச்சு. மறுபடியும் போனோம்.

ரெண்டாவது குடத்தோட நான் திரும்பி வந்தப்ப உள்ளே கணக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு. போர்டுகிட்ட என் மக. நாப்பத்தெட்டை ஆறால வகுக்கறா. சாக்பீஸ் நின்னு நின்னு போகுது. கடைசியில எட்டுன்னு எழுதிட்டு டீச்சரைப் பாத்தா பாருங்க, அந்த மொகத்தை நான் ஊட்டுல பாத்ததில்ல. குடத்தை எறக்கவும் தோணலை, அப்படியே நின்னேன். பாதி சட்டைக்குள்ள ஊத்திருச்சு.

வெளியே வந்து பாத்தா பாக்கெட்டுல மனு கஞ்சியாட்டம் கெடக்குது.

"போனாப் போகுது, வேற எழுது"ன்னார் டீக்கடைக்காரர்.

"எழுத மாட்டேனுங்க."

"ஏன்?"

"என் மக வகுத்தலை முடிக்கட்டும்."

அவர் ஒரு வாரம் எனக்கு டீ குடுக்கலை. வேற யாருக்கும் மனு எழுதத் தெரியாததால டீச்சர் எங்க ஊர்லயே இருந்தாங்க.

அதோட நின்னாங்களா? இல்ல. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாக்களையும் வரச் சொன்னாங்க. அதுவரைக்கும் நாங்க ஆம்பளைங்க மட்டும் போயி, தலையாட்டிட்டு, பிஸ்கட் தின்னுட்டு வருவோம். அம்மாக்கள் வந்து மொதல்ல கேட்டதே, "பள்ளிக்கூடத்துல குடம் தூக்கற பசங்க ஊட்டுல ஏன் டீச்சர் தூக்கறதில்ல?"

கேட்டது என் சம்சாரம்தான். டீச்சர் எங்க பக்கம் திரும்பிப் பாத்தாங்க. பங்காளி பிஸ்கட்டைப் பாத்தான்.

மறுநாள்ல இருந்து காலையில எங்க ஊட்டுக்கு மகன் ஒரு குடம், நான் ரெண்டு குடம். ரொம்ப நாளைக்கு எனக்கு வழியெல்லாம் சிந்திக்கிட்டேதான் இருந்துச்சு.