பசி இல்லாத வெள்ளிக்கிழமை

சர்க்கரையோடு எடையும் ஏறியதால், தருமபுரி டாக்டரம்மா எனக்கு வாரம் ஒரு ஊசி எழுதித் தந்தார். சில வாரங்களில் பசி அடங்கிவிட்டது. ஐம்பது வயதுவரை என்னை விரட்டிய பசி. அந்த அமைதியில் கொஞ்சம் கர்வமும் வந்தது.

ஆடி வெள்ளிக்கு விரதம் இருந்தேன். பசிதான் இல்லையே என்ற தைரியம். சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு மாரண்டஹள்ளியில் பஸ் ஏறினேன். பாலக்கோடு வருவதற்குள் கை நடுங்கியது, சட்டை வேர்வையில் நனைந்தது, ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தார். "ஏங்கண்ணா, காலைல சாப்டீங்களா?"

"விரதங்க."

"சாமி கோவிச்சுக்காதுங்க, மொதல்ல இதக் குடிங்க." பிள்ளைக்கு வாங்கிய மாம்பழ ஜூஸைக் கையில் திணித்தார்.

அது உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் தென்னைகள் ஒன்றாயின.

அன்றே டாக்டரிடம் போனேன். "ஊசி பசியத்தான் கொறைக்கும். ஒடம்புக்குச் சோறே வேணாம்னு யாருங்க சொன்னது? வெறும் வயித்துல மாத்திரை போட்டா சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும். விரதம்னா முன்னாடியே சொல்றதில்லீங்களா?" என்றவர், மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

இப்போது நான் பசிக்காகக் காத்திருப்பதில்லை. நேரமானால் கொஞ்சம் களி, நிறையக் கீரை, ஒரு முட்டை. விரதம் என்றால் முதலில் டாக்டரைக் கேட்கிறேன். எடை மெல்ல இறங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை.

இந்த வருஷ ஆடி வெள்ளியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். முதல் ஆளாகச் சொம்பை நீட்டினேன்.

"பசிக்கலன்னீங்களே?" என்றாள் மனைவி.

"நேரமாச்சில்ல" என்றேன்.